பூமலையில் ஒரு பால்மரம்

அம்மா சிங்கப்பூருக்கு வந்திருக்கும் நாட்களில் என் வீட்டு அடுப்படி விளக்கு விடிகாலை 4 மணிக்கே எரிந்துவிடும். ரப்பர் மரத்தில், எங்கள் வாயில் பால்மரத்தில், பால் வெட்டிய உளியை அவர் கீழே வைத்து 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மலேசியாவில் சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு, ஜொகூர் பாருவில் தம்பி வீட்டுக்குக் குடிவந்தும் வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் அவர் உடம்பு பெரட்டு நேரத்தை மறக்கவே இல்லை. தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் இருட்டில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்கள், அதுதான் பெரட்டு. அப்போது நிற்காதவருக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. நாலரை மணிக்கு என் கட்டிலோரம் வந்து நின்றார்.

"பாப்பா, முழிச்சிட்டியா? கொஞ்சம் காலாற நடந்துட்டு வரலாமா?"

இந்த நேரத்தில் எங்கே போவது என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் நினைவு வந்தது. பூமலையை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள்.

வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு இங்குள்ள தமிழர் வாயில் வழங்கும் பெயர் பூமலை. பக்கத்து எம்ஆர்டி ரயில் நிலையத்தின் தமிழ்ப் பலகையிலும் அதே பெயர்தான். 1859இல் தொடங்கிய தோட்டம். 82 ஹெக்டேர். காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், உள்ளே போகக் காசு கிடையாது. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது, சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் இடம் அது. அன்னங்கள் நீந்தும் ஏரி, ஆர்க்கிட் தோட்டம், திருமண உடையில் படம் எடுத்துக்கொள்ளும் ஜோடிகள் என்றுதான் பெரும்பாலோர் இந்த இடத்தை நினைவில் வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன், அம்மாவோடு போகும்வரை.

ஒரு பிளாஸ்கில் வரக்கோப்பியும் நாலு ரொட்டியும் எடுத்துக்கொண்டார். "எதுக்கும்மா, போற எடத்துல பசியாறிக்கலாம்" என்றேன். "நடந்துட்டு உக்காந்து பசியாறதுதான் ருசி" என்றார். டாக்சி பிடித்து தங்லின் வாசலில் இறங்கியபோது மணி 5:20. இன்னும் கும்மிருட்டு. சிங்கப்பூரில் 7 மணியை ஒட்டித்தான் விடியும்.

அந்த வாசலில் இருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஸ்வான் லேக். 1866இல் வெட்டிய ஏரி. அழகுக்காக என்றே அமைத்த ஏரிகளில் சிங்கப்பூரிலேயே பழையது இதுதான். ஏறக்குறைய ஒன்றரை ஹெக்டேர் இருக்கும். நடுவில் சின்னத் திட்டு, அதில் நீபோங் பனைகள் கொத்தாக நிற்கும். இருட்டில் தண்ணீர் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தவளைச் சத்தம் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அம்மா மூச்சை இழுத்து விட்டார்.

"தீம்பார் வாசன அடிக்குது."

தீம்பார் என்றால் பால்மரக் காடு. நனைந்த இலையும் செம்மண்ணும் கலந்த வாசனை. எனக்கும் தெரிந்தது. ஏழெட்டு வயதில் பள்ளி விடுமுறையில் அம்மாவோடு நிரைக்கு, அவர் வெட்டும் மர வரிசைகளுக்கு, போயிருக்கிறேன். அவர் இடுப்பில் கொசுவர்த்தி புகைந்துகொண்டிருக்கும், தலையில் கட்டிய விளக்கு மரத்துக்கு மரம் தாவும். நான் பின்னாலேயே ஓடி, பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைப் பிடுங்கிச் சாக்கில் போடுவேன். அந்த வேலைக்கு எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. சாக்கின் எடை அம்மா கணக்கில் ஏறும், அவ்வளவுதான்.

வெளுக்கத் தொடங்கியதும் ஏரி மெல்ல உருவம் கொண்டது. முதலில் நீபோங் பனைகளின் நிழல், அப்புறம் தண்ணீர், அப்புறம் ஐரோப்பாவில் இருந்து தருவித்த வெள்ளை அன்னங்கள். கழுத்தை முதுகில் மடித்து வைத்துக்கொண்டு, உறங்குவதா விழிப்பதா என்று முடிவு செய்யாதது மாதிரி மிதந்துகொண்டிருந்தன. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல யாரும் குளிக்கிறதில்ல?"

"இல்லம்மா."

"துணி?"

"அதெல்லாம் கூடாது. மீன்கூடப் பிடிக்கக் கூடாது."

"சும்மா பாக்கறதுக்குன்னே ஒரு கொளம்" என்றார். அவர் குரலில் குறை இல்லை, வியப்புத்தான் இருந்தது. எங்கள் தோட்டத்தில் தண்ணீர் இருந்த இடமெல்லாம் வேலை நடக்கும் இடம். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பின்னால் ஓடிய ஆற்றில் துவைப்பார்கள், பால்வாளி கழுவுவார்கள். ஈயம் தோண்டிய பழைய லம்பக் குட்டையில் தூண்டில் போடுவார்கள். கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாராவது வந்து வேலை சொல்லிவிடுவார்கள். அம்மா தன் வாழ்நாளில் தண்ணீரின் முன்னால் இத்தனை நேரம் சும்மா உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். நான் பேசாமல் இருந்தேன். அந்த நேரத்தை அவரிடமிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மற்ற ஏரிகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நடுவில் சிம்பனி லேக் இருக்கிறது. 1974இல் அமைத்தது. தண்ணீருக்கு நடுவே மேடை, வார இறுதிகளில் இலவசக் கச்சேரி நடக்கும். புக்கித் தீமா பக்கம் ஈக்கோ லேக் இருக்கிறது, அங்கே ஓடுகிறவர்கள் கூட்டம் அதிகம். அழகான இடங்கள்தான். ஆனால் அன்றைக்கு நாங்கள் தங்லின் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

புல்வெளியில் தெம்புசு மரத்தைக் காட்டினேன். கீழ்க்கிளை ஒன்று தரைக்குச் சமமாக நீண்டு கிடக்குமே, அந்த மரம். வயது 150க்கும் மேல். சிங்கப்பூர் 5 வெள்ளி நோட்டில் அச்சடித்திருக்கிறார்கள். பையில் இருந்து நோட்டை எடுத்து மரத்தோடு சேர்த்துக் காட்டியதும் அம்மா சிரித்துவிட்டார்.

அங்கிருந்து தாவர வீட்டுப் பக்கம் நடந்தோம். அங்கே செங்கல் படிகள் இருக்கின்றன. குனிந்து பார்த்தால் சில கற்களில் அம்புக்குறி பதிந்திருக்கும். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், அவன் பிடியில் கைதிகளாக இருந்த ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் செய்த கற்கள் அவை. தாங்கள் கைதிகள் என்பதற்கு அடையாளமாக, கல் காயுமுன் அம்புக்குறியைப் பதித்துவிட்டார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகும் இந்தத் தோட்டம் அழியவில்லை. ஹிதேசோ தனகடாத்தே என்ற ஜப்பானியப் பேராசிரியர் பொறுப்பேற்றார். இங்கே வேலை பார்த்த ஹோல்ட்டம், கார்னர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர்கள் இருவரையும் சிறைக்கு அனுப்பாமல் ஆராய்ச்சியைத் தொடரச் சொன்னார்கள். சண்டைக்கு நடுவே செடிகளும் நூல்களும் உலர்தாவரத் தொகுப்பும் பிழைத்தது அப்படித்தான்.

அம்மா படியில் உட்கார்ந்து அம்புக்குறியை விரலால் தடவினார். "ஜப்பான்காரன் காலத்துல" என்று ஆரம்பித்தாலே எங்கள் வீட்டில் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் போகும். தாத்தாவின் அண்ணன், சயாம் ரயிலுக்குப் போனவர். தாய்லாந்தின் பான்போங்கில் இருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட, மலாயாத் தோட்டங்களில் இருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக லாரியிலும் ரயிலிலும் ஏற்றிப் போனார்கள். பெரிய தாத்தாவைத் தோட்டத்துப் பெரட்டிலேயே பிரித்து நிறுத்தினார்கள் என்று பாட்டி சொல்வார். திரும்பி வரவில்லை. எங்களிடம் ஒரு படம்கூட இல்லை.

"இவங்க கல்லுல எழுதி வச்சிட்டாங்க" என்றார் அம்மா. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. பிளாஸ்கைத் திறந்தார். ரொட்டியை வரக்கோப்பியில் தோய்த்துத் தோய்த்து அந்தப் படியிலேயே பசியாறினோம்.

காட்சியகம் திறப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஹோல்ட்டம் ஹால் என்ற இரண்டு மாடி பங்களா, 1920இல் கட்டியது. 1925 முதல் 1949 வரை தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹோல்ட்டத்தின் அலுவலகமும் ஆய்வுக்கூடமும் இதுதான். ஆர்க்கிட் விதையைக் கண்ணாடிப் புட்டியில் சத்து ஊட்டி முளைக்கவைத்து, கலப்பின ஆர்க்கிட்டுகளை ஒரு தொழிலாகவே வளர்த்துவிட்டவர். 2013இல் இந்தக் கட்டடத்தைத் தோட்டத்தின் வரலாற்றுக் காட்சியகமாக மாற்றினார்கள். சின்ன இடம்தான். அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். பழைய படங்கள், தாவர ஓவியங்கள், நூல்கள். எங்களுக்கு அங்கே இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மாவை நிறுத்தியது ரிட்லியின் படம். இணையத்தில் தேடினாலும் கிடைக்கும் புகழ்பெற்ற படம் அது. இந்தத் தோட்டத்தின் பழைய இயக்குநர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி ஒரு பால்மரத்தின் அருகில் நிற்கிறார். மரத்தின் உடம்பில் நடுவே நெட்டுக்கு ஒரு கோடு, இரண்டு பக்கமும் சாய்கோடுகள், மீன்முள் மாதிரி. அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

"யார் வெட்டுனது இது?"

அவர்தான் என்றேன். அப்புறம் பலகைகளில் இருந்ததையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

பால்மரம் நம் மண்ணுக்குச் சொந்தமானது கிடையாது, பிரேசில் காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தபஜோஸ் ஆற்றுப் பக்கம் ஏறத்தாழ 70,000 விதைகளைத் திரட்டி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. "எப்படி மொளைக்கும்? கொட்டைய வெளிய வச்சா கொஞ்ச நாள்ல செத்துரும்" என்று அம்மா இடையில் சொன்னார். அதுதான் காரணம். எண்ணெய்ச் சத்துள்ள விதை, கப்பல் பயணத்தில் வாரக்கணக்கில் கிடந்தால் உயிர் போய்விடும். பிழைத்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பாதி இந்தத் தோட்டத்தில் நின்றது, சிலவற்றைப் பேராக்கின் கோலகங்சாருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். மலாயாவைப் பின்னால் மூடிய பால்மரக் காட்டில் பெரும்பகுதி அந்த ஒரு கை நாற்றுகளின் வாரிசு.

"இருபத்திரெண்டா?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். "என் நிரையில ஒரு வரிசைகூட வராதே."

நாற்று வந்ததும் யாரும் கொண்டாடிவிடவில்லை. அப்போது தோட்டக்காரர்களுக்கு, அதாவது தோட்ட முதலாளிகளுக்கு, காப்பிதான் பெரிது. 1888இல் ரிட்லி இயக்குநராக வந்தபோது மரங்கள் வளர்ந்து நின்றன, ஆனால் அவற்றை வைத்து என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்தித்தான் பால் எடுப்பார்கள். அப்படிக் கொத்தினால் மரம் சீக்கிரம் கெட்டுவிடும். ரிட்லி இங்குள்ள மரங்களை வெட்டி வெட்டிப் பார்த்தார். பட்டையைக் கொத்தாமல், மெல்லிய சீவலாகச் சீவி எடுக்க வேண்டும், அடுத்த முறை அதே வெட்டின் விளிம்பிலேயே இன்னொரு சீவல் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் மரம் சாகாது, பட்டை திரும்ப வளரும், அதே காயத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கும்போது பாலும் கூடுதலாக வரும். 1895 வாக்கில் அந்த மீன்முள் வெட்டு உருவானது. விடிகாலைக் குளிரில் வெட்டினால் பால் அதிகம் ஓடும் என்பதையும் அவர் கண்டுகொண்டார்.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அம்மா அந்த இடத்தில் என் கையைப் பிடித்தார்.

"அப்ப இந்த நாலு மணி இவரு கண்டுபுடிச்சதா?"

ஆமாம்மா என்றேன்.

வெட்டு முறை தெரிந்த பிறகும் தோட்டக்காரர்கள் அசையவில்லை. ரிட்லி சட்டைப் பையில் பால்மர விதைகளைப் போட்டுக்கொண்டு போய், பார்க்கும் தோட்டக்காரர் கையிலெல்லாம் திணிப்பாராம். "பைத்தியக்கார ரிட்லி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1896இல் மலாக்காவின் டான் சாய் யான் என்ற சீனர் நம்பி நட்டார். அதுதான் மலாயாவில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் ரப்பர் தோட்டம். அதற்குள் காப்பி விலை சரிந்தது. டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. 1908இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. அப்புறம் யாரும் ரிட்லியைப் பைத்தியம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 1917 வரை இந்தத் தோட்டம் மட்டும் 70 லட்சத்துக்கும் மேல் விதைகளைக் கொடுத்தது. 1920இல் உலகத்து ரப்பரில் பாதி மலாயாவில் இருந்து போனது.

அத்தனை மரத்தையும் வெட்ட ஆள் வேண்டுமே. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு என்று ஊர் ஊராக ஆள் சேர்க்கும் கங்காணிகள் போனார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி பினாங்கில் இறங்கினார்கள் நம் ஆட்கள். 1907இல் ஆள் வரவழைக்கும் செலவுக்கென்றே ஒரு நிதியை மலாயாவில் ஏற்படுத்தினார்கள், அதற்குத் தமிழர் குடியேற்ற நிதி என்றே பெயர். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை கங்காணி முறை ஓடியது. அம்மாவின் தாத்தா 1920களில் துறையூர்ப் பக்கம் இருந்து அப்படி வந்தவர்தான். ஊரில் பஞ்சம், கங்காணி உறவுக்காரர், மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கூட்டி வந்தாராம். அவர் திரும்பவே இல்லை.

இதையெல்லாம் அம்மாவுக்கு நான் சொல்லி முடித்தபோது அவர் மறுபடி ரிட்லியின் படத்தைப் பார்த்தார்.

"பைத்தியமா..." என்று மெல்லச் சொன்னார். "நம்ம எல்லாரையும் இங்க கொண்டாந்து விட்டது அந்தப் பைத்தியந்தானா?"

நான் என்ன பதில் சொல்வது? ஒரு மனிதர் ஒரு மரத்தின் முன்னால் நின்று பொறுமையாகச் சீவிப் பார்த்ததற்கும், துறையூரில் ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதற்கும் நடுவே இருப்பது 30 வருடமும் ஒரு கடலும்தான். ரிட்லிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் 1956 வரை, 100 வயதையும் தாண்டி வாழ்ந்தார். அவர் போன வருடத்தில் அம்மாவுக்கு மூன்று வயது. லயத்து வாசலில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்திருப்பார்.

அப்புறம் அம்மா படத்தில் இருந்த வெட்டை ஆராய ஆரம்பித்தார். நான் இதுவரை பார்த்திராத அம்மா அவர்.

"மரத்துக்கு இது ரொம்பப் பாப்பா. ரெண்டு பக்கமும் இத்தன கோடு போட்டா அது எப்படித் தாங்கும்? எங்க காலத்துல ஒரே கோடுதான். பாதி மரத்தைச் சுத்தி. இந்தா, எடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ." காற்றில் விரலால் சாய்வாக இழுத்துக் காட்டினார். "மாத்திப் போட்டா பால் கொறையும். ஏன்னு கேக்காத, கொறையும்."

ஏன் என்று நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக மேலே போகாமல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். அம்மா சொன்னது ரிட்லிக்குப் பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் சொன்னதேதான். மீன்முள் வெட்டு போய், பாதிச் சுற்றுக்கு ஒரே கோடு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாறியதும் மரத்துக்கு அது தாங்காது என்பதால்தான்.

"ஆழம் எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். இத்தனை வருடம் நான் கேட்காத கேள்வி.

பால் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில், மரக்கட்டையை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. உளி அந்த அளவுக்கு உள்ளே போக வேண்டும். ஆனால் கட்டையைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அப்புறம் அங்கே வெட்ட முடியாது. நடுவில் விடவேண்டிய கனம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதுவும் இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், மூச்சு வாங்க நடந்துகொண்டே.

"சத்தத்துல தெரியும்" என்றார். "மேல சீவுனா சர்ருன்னு வரும். உள்ள போகப் போக மெதுவாயிரும், ஈரத்துணி கிழிக்கிற மாதிரி. அதுக்கு மேல ஒரு மசுரு போனாலும் உளி கிர்ருங்கும். கிர்ருன்னா போச்சு, மண்டோர் பாத்தா மங்குல மார்க் போட்ருவான்." மண்டோர் என்றால் வேலையை மேற்பார்க்கும் ஆள். அம்மா வலதுகைக் கட்டைவிரலைக் காட்டினார். உளிக்காம்பு அழுந்தி அழுந்தி நகத்துக்குக் கீழே தோல் இன்னும் கெட்டியாக இருக்கிறது. "இங்கயும் தெரியும்."

அந்த இடத்திலேயே மனக்கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 400 மரம். மழை நாள், இலையுதிரும் மாதங்கள் எல்லாம் கழித்து வருடத்துக்கு 250 நாள் வெட்டு என்று வைத்தாலும் ஒரு லட்சம் வெட்டு. 1968இல் பாட்டிக்குத் துணையாக நிரையில் இறங்கி, தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றி எங்களை வெளியேறச் சொன்ன 2002 வரை, 34 வருடம். 34 லட்சம் முறை அம்மாவின் கை அந்த ஒரு மில்லிமீட்டரின் முன்னால் நின்றிருக்கிறது. நான் படித்தது, என் தம்பி படித்தது, பாட்டியின் கண் அறுவை, எல்லாம் அதிலிருந்து வந்தது. வேலையை விட்டு நின்றபோது தோட்ட நிர்வாகம் கையில் கொடுத்தது ஒரு சின்னத் தொகை, அதைவிடச் சின்ன ஒரு நன்றிக் கடிதம். அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது.

ரிட்லியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்க வழி தேடிய மனிதர் அவர். அந்த அக்கறை எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. ஆனால் அந்த அறிவு அவரோடு நின்றுவிடவில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். இந்தத் தோட்டத்தில் ஒருவர் கையில் பிறந்த வித்தையை, எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் தங்கள் காதிலும் கட்டைவிரலிலும் வைத்து நூறு வருடம் காப்பாற்றினார்கள். பாட்டி அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். அம்மாவோடு அது முடிகிறது, எனக்கு வெட்டத் தெரியாது. பால்வெட்டுத் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். எப்படி வெட்டினீர்கள், உளியை எப்படித் தீட்டினீர்கள், சத்தம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். கஷ்டத்தைப் பற்றி அவர்கள் நிறையச் சொல்லியிருப்பார்கள். கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

வெளியே வந்ததும் அம்மா, "இங்க பால்மரம் இன்னும் நிக்குதா?" என்று கேட்டார். நிற்கிறது. அந்த 22 நாற்றுகளில் வளர்ந்த முதல் மரங்கள் இல்லை, அவற்றின் வழி வந்தவை. கோலகங்சாரில் வைத்த பழைய மரங்களில் ஒன்று மட்டும் இன்றும் அங்கே இருக்கிறது.

பெயர்ப்பலகையைப் பார்க்காமலே தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டார். இலை மூன்று மூன்றாகப் பிரிந்திருப்பதை வைத்து என்று நினைத்தேன். "நிக்கிற நிலையிலயே தெரியாதா?" என்றார். கிட்டப் போய் உள்ளங்கையைப் பட்டையில் வைத்தார். பிறகு இடுப்பைக் கொஞ்சம் வளைத்து, வலது காலைப் பின்னுக்கு வைத்து நின்றார். உளி இல்லாத கை, இடது மேலிலிருந்து வலது கீழாக மெல்ல இறங்கியது. அவர் தெரிந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் கைப்பேசியை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் காய் வெடிக்கும் காலம். மரத்தடியில் காய்ந்த இலைகளுக்கு நடுவே நாலைந்து கொட்டைகள் கிடந்தன. பழுப்பில் கறுப்புத் திட்டுகள், எண்ணெய் தேய்த்தது மாதிரிப் பளபளப்பு, அழுத்திச் செதுக்கியது போலப் பக்கவாட்டில் ஒரு தட்டை. அம்மா ஒன்றைப் பொறுக்கிக் குலுக்கிப் பார்த்தார். "இது காஞ்சி போச்சு" என்று தனியாக வைத்தார். இன்னொன்றைக் கையில் எடை பார்த்தார், "இதுல உசுரு இருக்கு."

காய்ந்த கொட்டையை எடுத்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். சிமெண்டில் அதைப் பரபரவென்று தேய்த்தார், சட்டென்று என் மணிக்கட்டில் வைத்தார். சூடு சுரீரென்று ஏறியது. கத்திவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டு. என் ஆறு வயதில் இதே கை இதே மாதிரி வைத்தது.

உயிருள்ள கொட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். இங்கிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாதும்மா என்றேன். சரி என்று எழுந்தார். மரத்தடிக்குத் திரும்பிப் போய், வேருக்குப் பக்கத்தில் ஈரமான இடமாகப் பார்த்து அதை வைத்து, கால் விரலால் இலையைத் தள்ளி மூடினார்.

"ரெண்டு வாரத்துக்குள்ள மழை பெஞ்சா மொளச்சிரும்" என்றார்.